மூட்டு மாற்றுச் சிகிச்சையும் ஒரே கட்டணமும்: அரசின் முன்னோட்டத் திட்டங்கள் சந்திக்கும் இடர்ப்பாடுகள்

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: "இந்த பேக்கேஜில் எவையெல்லாம் அடங்கும்?" அறுவைச் சிகிச்சை, அறை, மருந்து, பரிசோதனை ஆகிய அனைத்திற்கும் சேர்த்து ஒரே தொகை என்று சொல்லப்படும்போது, அத்தொகையை யார் வகுத்தார்கள், எதன் அடிப்படையில் வகுத்தார்கள், வீடு திரும்பிய பின் ஏற்படும் செலவு யாரைச் சேரும் என்ற ஐயங்கள் எழுவது இயல்பே.

இந்த ஐயங்கள் நம் நாட்டிற்கு மட்டும் உரியவை அல்ல. மருத்துவத்திற்குப் பெருந்தொகை செலவிடும் அமெரிக்க அரசும் இதே வினாக்களுக்கு விடை தேடி, 2016 முதல் 2024 வரை ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தியது. அது எடுத்துக்கொண்ட சிகிச்சை இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை. அத்திட்டத்தின் வரலாறு, ஒரு நல்ல எண்ணத்தைச் செயலாக்கிப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் அதில் உள்ளது.

கட்டண முறை நோயாளியை எவ்வாறு தொடுகிறது?

மருத்துவமனைக்குப் பணம் செலுத்தும் முறைகளை மூன்று வகைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, செய்யப்படும் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே கட்டணம் பெறும் முறை. இதில் பரிசோதனைகள் கூடினால் வருவாயும் கூடும். எனவே தேவைக்கு மேல் செய்யும் போக்கு எழக்கூடும். இரண்டாவது, ஒரு நோய்க்கு அல்லது ஓர் அறுவைச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரையறுக்கும் முறை. நாம் பேக்கேஜ் என்று வழங்குவது இதையே. இதில் செலவைக் குறைத்தால் மருத்துவமனைக்கு மிச்சம். எனவே தேவைக்குக் குறைவாகச் செய்யும் போக்கு எழக்கூடும். மூன்றாவது, மருத்துவமனையில் தங்கும் நாள்களோடு நில்லாமல், வீடு திரும்பிய பின் குறிப்பிட்ட காலம் வரை ஆகும் செலவையும் ஒரே கணக்கில் சேர்க்கும் முறை.

ஆகவே கட்டண முறை என்பது கணக்காளரோடு முடிந்துவிடும் செய்தியன்று. எத்தனையாவது நாளில் வீட்டிற்கு அனுப்பப்படுவோம், பிசியோதெரபி எங்கே நடைபெறும், புண்ணில் சீழ் வைத்தால் யார் பொறுப்பேற்பார்கள் என்பவற்றையெல்லாம் அது மறைமுகமாகத் தீர்மானிக்கிறது.

திட்டம் வகுக்கப்பட்ட விதம்

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கும், உடற்குறைபாடு உடையோரில் ஒரு பகுதியினருக்கும் மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு உள்ளது. 1983 வரை மருத்துவமனைகள் காட்டிய செலவை ஒட்டியே அது பணம் வழங்கியது. அவ்வாண்டு முதல் நோய்வகைக்கு ஏற்ப ஒரே தொகை என்ற முறைக்கு மாறியது. ஆயினும் அத்தொகை மருத்துவமனைத் தங்கலுக்கு மட்டுமே உரியது. அறுவை மருத்துவரின் கட்டணமும், பின்னர் செல்லும் மறுவாழ்வு இல்லத்தின் கட்டணமும், வீட்டிற்கு வரும் செவிலியரின் கட்டணமும் தனித்தனியே வழங்கப்பட்டன.

2014ஆம் ஆண்டில் மட்டும் மெடிகேர் பயனாளிகளுக்கு 4 லட்சத்திற்கும் மேற்பட்ட மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைகள் நடைபெற்றன. மருத்துவமனைத் தங்கலுக்கு மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. அறுவைச் சிகிச்சையிலிருந்து உடல் தேறுவது வரை ஆன சராசரிச் செலவு ஓர் ஊரில் 16,500 டாலராகவும் மற்றோர் ஊரில் 33,000 டாலராகவும் இருந்தது. ஒரே சிகிச்சைக்கு இரு மடங்கு வேறுபாடு எதனால் என்ற வினாவே இத்திட்டத்திற்கு வித்திட்டது.

2016 ஏப்ரல் 1 அன்று 67 பெருநகரப் பகுதிகளில் ஏறத்தாழ 800 மருத்துவமனைகளில் திட்டம் தொடங்கியது. நோயாளி அனுமதிக்கப்படும் நாள் முதல், வீடு திரும்பி 90 நாள் ஆகும் வரை உள்ள செலவு அனைத்திற்கும் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையே பொறுப்பேற்க வேண்டும். ஆண்டு முழுவதும் பணம் வழக்கம்போலவே வழங்கப்படும். ஆண்டு முடிந்தபின் மொத்தச் செலவை முன்னரே வகுத்த இலக்கு விலையோடு ஒப்பிடுவார்கள். செலவு குறைந்து தரமும் நிறைவாக இருந்தால் மருத்துவமனைக்கு ஊக்கத்தொகை உண்டு. செலவு மிகுந்தால் மருத்துவமனை பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பழகிக்கொள்வதற்காக முதலாண்டில் திருப்பித் தரும் கடமை விலக்கப்பட்டது. இரண்டாம் ஆண்டில் இழப்பிற்கு 5 விழுக்காடு என்றும், மூன்றாம் ஆண்டில் 10 விழுக்காடு என்றும், அதன்பின் 20 விழுக்காடு என்றும் வரம்பு வைக்கப்பட்டது.

நோயாளி தாம் விரும்பிய மருத்துவரையும் மறுவாழ்வு இல்லத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை மாற்றமின்றித் தொடர்ந்தது. திட்டத்தைப் பற்றி நோயாளிக்கு எழுத்து வடிவில் அறிவிப்பதும் கட்டாயமாக்கப்பட்டது.

முதல் இடர்ப்பாடு: யாரைச் சேர்ப்பது?

புதிய மருந்தைச் சோதிக்கும்போது யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். விருப்பமுள்ளோர்க்கு மட்டும் கொடுத்தால், குணம் மருந்தினால் வந்ததா, அவர்கள் முன்னரே நலமாக இருந்ததனால் வந்ததா என்று பிரித்தறிய இயலாது. கட்டணச் சீர்திருத்தத்திற்கும் இவ்விதி பொருந்தும்.

விருப்பத்தின் பேரில் சேரும் திட்டங்களில், ஏற்கெனவே சிறப்பாக இயங்கும் மருத்துவமனைகளும், இலக்கு விலை தமக்குச் சாதகமாக அமைந்த மருத்துவமனைகளுமே மிகுதியாகச் சேரும். நட்டம் அஞ்சுவோர் விலகி நிற்பர். அதனால்தான் இத்திட்டத்தில் 196 நகரப் பகுதிகளிலிருந்து குலுக்கல் முறையில் பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்குள்ள மருத்துவமனைகள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டன. தேர்ந்தெடுக்கப்படாத பகுதிகள் ஒப்பீட்டிற்குப் பயன்பட்டன. அரசு நடத்தும் கட்டணச் சோதனைகளில் இத்தகைய நேர்த்தி அரிது.

ஆனால் கட்டாயம் என்ற சொல் எதிர்ப்பையும் கொண்டுவரும். ஆயத்தமில்லாத மருத்துவமனையைப் பண இழப்பிற்கு உள்ளாக்குவது முறையா என்ற கேள்வி எழுந்தது. ஆட்சி மாறியபின், 2018இல், 67 பகுதிகளில் 33 பகுதிகளுக்குக் கட்டாயம் நீக்கப்பட்டது. அங்கே தொடர விரும்பிய மருத்துவமனைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. இதே வடிவில் இதயச் சிகிச்சைக்கென வகுக்கப்பட்டிருந்த திட்டம் தொடங்கும் முன்பே கைவிடப்பட்டது. ஒரு சோதனையின் விடை வருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் தேவை. ஆட்சிக் காலமோ நான்கு ஆண்டுகள்.

இரண்டாவது இடர்ப்பாடு: நியாயமான விலை எது?

மருத்துவமனையின் சொந்தப் பழைய செலவை வைத்து இலக்கு விலையை வகுத்தால், இதுவரை வீண்செலவு செய்தவருக்கு எளிய இலக்கும், சிக்கனமாக இருந்தவருக்குக் கடினமான இலக்கும் அமையும். வட்டாரச் சராசரியை வைத்து வகுத்தால், எளிய மக்கள் மிகுதியாக வரும் மருத்துவமனை பாதிக்கப்படும். இத்திட்டம் இரண்டையும் கலந்து தொடங்கி, நான்காம் ஆண்டில் முற்றிலும் வட்டார விலைக்கு மாறுமாறு அமைக்கப்பட்டது.

நோயாளிகளிடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவது இன்னும் கடினமாக இருந்தது. தொடக்கத்தில் இரண்டே கூறுகள் கருதப்பட்டன: பெருஞ்சிக்கல் உண்டா இல்லையா, இடுப்பெலும்பு முறிவினால் வந்தவரா இல்லையா. இதன்படி, மகனும் மருமகளும் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் 66 வயதுடைய ஒருவருக்கும், நீரிழிவும் இதய நோயும் கொண்டு மாடி வீட்டில் தனியே வாழும் 85 வயதுடைய ஒருவருக்கும் ஒரே இலக்கு விலை வரக்கூடும். முன்னவர் மூன்றாம் நாள் வீடு திரும்பலாம். பின்னவருக்கு மறுவாழ்வு இல்லம் இன்றியமையாதது.

இதனால் இரு தீமைகள் நேரக்கூடும். ஏழைகளையும் பல நோய் உடையோரையும் மிகுதியாகப் பேணும் மருத்துவமனை தண்டத்தொகை கட்ட நேரிடலாம். அல்லது அத்தகைய நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யவே மருத்துவமனைகள் தயங்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளை ஆராய்ந்தவர்கள், கடும் நோயாளிகளின் பங்கு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று கண்டது ஆறுதலான செய்தி. ஆயினும் குறை உணரப்பட்டது. 2021இல் விதிகளைத் திருத்தியபோது வயது, உடனுள்ள நோய்களின் எண்ணிக்கை, வறியோருக்கான அரசுக் காப்பீட்டிலும் உள்ளவரா என்பது ஆகிய மூன்றும் இலக்கு விலையில் சேர்க்கப்பட்டன.

மூன்றாவது இடர்ப்பாடு: ஓடிக்கொண்டே இருக்கும் உலகம்

ஆய்வுக்கூடத்தில் மற்றவை அனைத்தையும் மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க முடியும். மருத்துவமனைகளில் அவ்வாறு இயலாது. மயக்க மருந்து முறைகளும் வலி தணிக்கும் முறைகளும் மேம்பட்டதனால், முழங்கால் மூட்டு மாற்றியவர் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்பும் வழக்கம் பரவியது. 2018 முதல் முழங்கால் மாற்றுச் சிகிச்சையை வெளிநோயாளியாகவும் செய்துகொள்ளலாம் என்று மெடிகேர் அனுமதித்தது. 2020இல் இடுப்பு மூட்டிற்கும் அதே அனுமதி வந்தது.

திட்டமோ உள்நோயாளிகளை மட்டுமே கணக்கில் கொண்டிருந்தது. நலமான நோயாளிகள் வெளிநோயாளிப் பிரிவிற்குச் சென்றதும், கணக்கில் எஞ்சியவர்கள் கூடுதல் கவனிப்பு வேண்டியவர்கள் ஆயினர். பழைய கலவையை வைத்து வகுத்த இலக்கு விலை புதிய கலவைக்குப் பொருந்தவில்லை. வெளிநோயாளிகளையும் சேர்க்கும் திருத்தம் 2021 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 2020இல் கொரோனா பெருந்தொற்று வந்து, அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகளையே நிறுத்திவைத்தது.

மற்றொரு சிக்கலும் இருந்தது. திட்டத்தில் சேராத ஊர்களிலும் செலவு குறைந்துகொண்டே வந்தது. திட்டத்தில் உள்ள மருத்துவமனை செலவைக் குறைத்துவிட்டேன் என்று மகிழலாம். ஆனால் அண்டை ஊர் மருத்துவமனை திட்டமின்றியே அதைச் செய்திருந்தால், திட்டத்தின் பயன் எவ்வளவு? ஒப்பீட்டுக் குழு இல்லாத முன்னோட்டத் திட்டங்கள் பொய்யான வெற்றியை அறிவிப்பது இவ்விடத்தில்தான்.

நான்காவது இடர்ப்பாடு: எதை அளப்பது?

முதலாண்டில் கண்ட மாற்றம் இது: மறுவாழ்வு இல்லங்களுக்கு அனுப்பப்படுவோரின் பங்கு, ஒப்பீட்டுப் பகுதிகளைவிட 2.9 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. மொத்தச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்த மற்றோர் ஆய்வு, ஒரு சிகிச்சைக்குச் சராசரியாக 812 டாலர், அதாவது 3.1 விழுக்காடு, செலவு குறைந்ததாகக் கண்டது. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் கூடவில்லை. எனினும் மருத்துவமனைகளுக்கு அளித்த ஊக்கத்தொகையைக் கழித்தபின் அரசிற்கு எஞ்சியது மிகச் சிறிதே.

மறுவாழ்வு இல்லத்தில் தங்கும் நாள் குறைந்தது நல்லதா? பலருக்கு நல்லதே. வீட்டுச் சூழலில் நடமாடுவோர் விரைவில் தேறுவதும், நீண்ட தங்கலினால் வரும் தொற்றுக்கு இடமில்லாமல் போவதும் உண்மை. ஆனால் மறுவாழ்வு இல்லத்தில் செவிலியர் செய்த பணியை வீட்டில் யாரேனும் ஒருவர் செய்தாக வேண்டும். கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்வதும், இரவில் இருமுறை எழுந்து மருந்து கொடுப்பதும், அதற்காக வேலைக்கு விடுப்பு எடுப்பதும் எந்த அரசுக் கணக்கிலும் பற்று வைக்கப்படுவதில்லை. கணக்கில் மிச்சமாகத் தோன்றும் தொகையில் ஒரு பகுதி, குடும்பத்தினரின் உழைப்பாக இடம் மாறியிருக்கக் கூடும்.

இதை ஓரளவேனும் அறிவதற்குத் திட்டத்தில் ஒரு வழி வைக்கப்பட்டிருந்தது. வலி எவ்வளவு, படி ஏற முடிகிறதா, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்பவற்றை நோயாளியிடமே கேட்டுப் பதிவு செய்வதே அது. அறுவைக்கு முன் ஒருமுறையும், ஒன்பது மாதம் முதல் ஓராண்டிற்குள் மறுமுறையும் கேட்க வேண்டும். இதைச் செய்வது மருத்துவமனையின் விருப்பத்திற்கு விடப்பட்டது. செலவுக் கணக்கு தானாகவே சேரும். நலக் கணக்கோ, ஒருவர் கேட்டு மற்றொருவர் விடையளித்தால் மட்டுமே சேரும். அதனால்தான் செலவைப் பற்றி நாம் அறிவது மிகுதியாகவும், நலத்தைப் பற்றி அறிவது குறைவாகவும் இருக்கிறது.

தோல்வியா, வெற்றியா?

இத்தகைய சோதனைகளை நடத்துவதற்கென்றே அமெரிக்கா 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஒரு தனி மையத்தை அமைத்து, பத்தாண்டிற்கு 1,000 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு திட்டம் தரத்தைக் குறைக்காமல் செலவைக் குறைத்தாலோ, செலவைக் கூட்டாமல் தரத்தை உயர்த்தினாலோ அதை விரிவுபடுத்தலாம் என்பது விதி. முதற்பத்தாண்டில் அம்மையத்தின் பணிகள் அரசின் செலவை 540 கோடி டாலர் கூட்டின என்று நாடாளுமன்ற வரவு செலவு அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. விரிவுபடுத்தத் தகுதி பெற்ற திட்டங்கள் ஒரு கை விரல்களில் எண்ணத்தக்கவை.

இதை மட்டும் பார்த்து முயற்சி வீண் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. பயன் தராத ஒரு முறையைச் சில நகரங்களில் சோதித்து அறிவது, நாடு முழுவதும் நடைமுறைப்படுத்திய பின் அறிவதைவிட மேலானது. மூட்டுத் திட்டம் 2024 டிசம்பர் 31 அன்று நிறைவுற்றது. அதன் பாடங்களைக் கொண்டு, மூட்டு மாற்று, இடுப்பெலும்பு முறிவு, முதுகெலும்பு, இதய பைபாஸ், பெருங்குடல் தொடர்பான ஐந்து வகை அறுவைச் சிகிச்சைகளுக்கான புதிய கட்டாயத் திட்டம் 2026 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதில் பொறுப்புக் காலம் 90 நாளிலிருந்து 30 நாளாகச் சுருங்கியுள்ளது. வீடு திரும்பி இரண்டாம் மாதத்தில் வரும் சிக்கல் எவர் கணக்கைச் சேரும் என்ற வினா இதனால் மீண்டும் எழுகிறது.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. 2018இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய திட்டத்தோடு அது இணைந்து செயல்படுகிறது. இவற்றிலும் வரையறுத்த பேக்கேஜ் தொகையே வழங்கப்படுகிறது. மத்தியத் திட்டத்தின் விதிப்படி, அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 3 நாள்களும், வீடு திரும்பிய பின் 15 நாள்களும் பரிசோதனைக்கும் மருந்திற்கும் உரிய காலமாகப் பேக்கேஜில் அடங்கும். மூட்டு மாற்றியவர் இயல்பாக நடமாடப் பல வாரங்கள் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், 15ஆம் நாளுக்குப் பின் வரும் பிசியோதெரபிக்கும் துணைக்கும் முன்கூட்டியே திட்டமிடுவது குடும்பத்தின் கடமையாகிறது.

ஆகவே அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் பின்வரும் வினாக்களைக் கேட்டறியுங்கள்:

1. பேக்கேஜில் அடங்குபவை எவை, அடங்காதவை எவை? செயற்கை மூட்டின் விலை அதில் சேர்ந்துள்ளதா?

2. எத்தனையாவது நாளில் வீடு திரும்ப வாய்ப்புண்டு? அந்நாளை முடிவு செய்வது எந்த உடல்நிலைக் குறிகள்?

3. வீடு திரும்பிய பின் எத்தனை நாள் வரையிலான மருந்தும் மறுபார்வையும் பேக்கேஜைச் சேர்ந்தவை?

4. காய்ச்சல், புண்ணில் நீர்க்கசிவு, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை கண்டால் எந்த நேரத்தில் யாரை அழைப்பது? மீண்டும் அனுமதிக்க நேர்ந்தால் கட்டணம் எவ்வாறு?

5. பிசியோதெரபி எத்தனை வாரம் தேவை? வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளைக் குடும்பத்தினருக்குக் கற்றுத் தருவார்களா?

6. வீட்டில் துணைக்கு ஆள் இல்லையெனில் அதை யாரிடம் சொல்வது?

ஆறாவது வினாவைக் கேட்கப் பலர் கூசுகின்றனர். கூச்சம் வேண்டா. தனியே வாழ்கிறேன், வீடு மாடியில் உள்ளது, மகள் வேலைக்குச் செல்பவள் என்பனவும் மருத்துவர் அறிய வேண்டிய செய்திகளே. அவற்றைச் சொன்னால்தான் வீடு திரும்பும் நாளை அவற்றிற்கேற்ப முடிவு செய்ய இயலும்.

பேக்கேஜில் அடங்கியவற்றிற்குத் தனியே பணம் கேட்கப்பட்டால், முதலில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவை அணுகுங்கள். அங்கே தீர்வு கிடைக்கவில்லையெனில், மாநிலத் திட்டத்திற்கு 1800 425 3993 என்ற எண்ணிலும், மத்தியத் திட்டத்திற்கு 14555 என்ற எண்ணிலும் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. வீடு திரும்பிய சில வாரங்களில் மருத்துவமனையிலிருந்து அழைத்து, வலி எப்படி உள்ளது, நடக்க முடிகிறதா, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால், நலமே என்று ஒரு சொல்லில் முடித்துவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நோயாளி சொல்லாத துன்பம் எந்தக் கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத ஒன்றை எந்தத் திட்டமும் சீர்செய்வதில்லை.